ரீகர்வ் வில் மக்கர் செய்தால்: எதைச் சரிசெய்யலாம், எதைக் கழிக்க வேண்டும்

"அண்ணே, வில்லு போச்சுண்ணே" என்று போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, நாணை எப்போது மாற்றினாய் என்பதுதான். நாகமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வைக்கோல் கட்டுகளை அடுக்கி ஞாயிறுதோறும் அம்பு எய்கிற சின்னக் கூட்டம் எங்களுடையது. அதில் வில் பழுது பார்க்கிற வேலை என் கைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. போய்விட்டது என்று கொண்டுவந்த வில்களில் நிறைய, நாண் மாற்றியதும் பழையபடி எய்தன. லேசாக ஒரு கோடுதான் அண்ணே என்று கொண்டுவந்த ஒன்றிரண்டை நான் மறுபடி இழுக்கவே விடவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் செலவும் குறையும், கண்ணும் பிழைக்கும்.

மரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி இழைப் பட்டை ஒட்டிய, நுனிகள் இலக்குப் பக்கமாக வளைந்திருக்கும் ரீகர்வ் வில்லைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன், ஒரே துண்டாக இருந்தாலும் சரி, டேக்டவுன் என்கிற கழற்றி மாட்டும் வகையாக இருந்தாலும் சரி. மூங்கில் வில்லைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எந்தப் பழுதைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அது வளையும் இடத்தில் இருக்கிறதா, வளையாத இடத்தில் இருக்கிறதா? கைப்பிடி இருக்கும் ரைசர் வளையாது. நாண் மாட்டும் நுனி கிட்டத்தட்ட வளையாது. இடையில் இருக்கும் லிம்ப் இருக்கிறதே, அதுதான் ஒவ்வொரு அம்புக்கும் வளைந்து நிமிர்கிறது, ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் நசுங்குகிறது. வளையாத இடத்துப் பழுதை பசையும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வளையும் இடத்துப் பழுதை ஒட்டி ஓட்டுவது என்பது என் கணக்கில் கிடையாது. 40 பவுண்டு வில்லை முழுசாக இழுத்து நிற்கும்போது, ஏறத்தாழ 18 கிலோ விசையைத் தாங்கிக்கொண்டு அந்த மேல் லிம்ப் உங்கள் தலைக்கு முன்னால்தான் நிற்கிறது. அது உடைந்தால் சிதறுகிற துண்டு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும்

நாணை இறக்குங்கள். ஈரத்துணியால் வில்லைத் துடைத்துக் காய வையுங்கள், ஏனென்றால் அழுக்குக் கோட்டை விரிசல் என்று பயந்தவர்களும் உண்டு, விரிசலை அழுக்கு என்று விட்டவர்களும் உண்டு. காலை வெயில் சாய்வாக விழும் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ உட்கார்ந்து லிம்பைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அப்புறம் ஒரு பஞ்சுருண்டையை எடுத்து லிம்பின் இரண்டு பக்கமும் நாலு ஓரமும் மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்புகிற சிலாம்பும் கிளம்பிய ஓரமும் பஞ்சில் இழையைப் பிடித்துக்கொள்ளும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். கண்ணாடி இழை தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

அம்பு முன்பு போல் போகவில்லை

வில் சோர்ந்துவிட்டது என்று எல்லோரும் முதலில் நினைப்பது இதற்குத்தான். ஆனால் ஃபைபர் கிளாஸ் வில் அவ்வளவு சீக்கிரம் சோர்வதில்லை. டேக்ரான் என்கிற பாலியஸ்டர் இழையில் செய்த நாண்தான் நீளும். மதுரை வெயிலில் புது டேக்ரான் நாண் முதல் இரண்டு வாரம் நீண்டுகொண்டே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நாணேற்றிய நிலையில், நாணிலிருந்து கைப்பிடியின் ஆழமான இடம் வரை செங்குத்தாக எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இதுதான் பிரேஸ் ஹைட். தனி ஸ்கேல் இல்லாவிட்டால் ஆசாரி வைத்திருக்கும் மூலைமட்டம் போதும். 62 அங்குல வில்லுக்குப் பொதுவாக 7½ முதல் 8¼ அங்குலத்துக்குள் இருக்கும், உங்கள் வில்லுக்குத் தயாரித்தவர்கள் ஓர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. குறைவாக இருந்தால் நாணை இறக்கி, ஒரு காதை, அதாவது நுனியில் மாட்டும் வளையத்தைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே ஐந்து சுற்று முறுக்கி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். முறுக்கி முறுக்கி நாண் முடிச்சு விழுகிற அளவுக்கு வந்தும் உயரம் வரவில்லை என்றால் அந்த நாண் உங்கள் வில்லுக்கு நீளம், வேறு வாங்க வேண்டியதுதான். ரீகர்வ் வில்லுக்கு நாணின் நிஜ நீளம் வில்லின் நீளத்தைவிட ஏறத்தாழ 4 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும்.

பிரேஸ் சரியாக இருந்தும் அம்பு பழையபடி போகாவிட்டால், அம்பை நாணில் பொருத்துமிடத்தில் கட்டிய நூலோ பித்தளை வளையமோ நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் மட்டும் வில்லின் இழுவிசையை அளக்கலாம். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசை நாணில் மாட்டி, கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் 26¼ அங்குலம் வரும்வரை நேராக இழுத்து எடையைப் படியுங்கள். வில்லில் 28 அங்குலத்துக்கு என்று எழுதியிருக்கும் பவுண்டு இந்த இடத்தில் கிடைப்பதுதான், மீதி 1¾ அங்குலம் அந்தக் கணக்கிலேயே சேர்த்தது. கிலோவை 2.2 ஆல் பெருக்கினால் பவுண்டு. எழுதியதற்கும் வந்ததற்கும் ஒன்றிரண்டு பவுண்டு வித்தியாசம் புது வில்லிலேயே இருக்கும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். போன மாதம் 40 காட்டிய வில் இந்த மாதம் 35 காட்டினால் அது வேறு விஷயம். லிம்புக்குள் எங்கோ பசை விட்டிருக்கிறது அல்லது மரம் நொறுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கீழே பட்டை பிரிவது பற்றிச் சொல்லும் இடத்துக்குப் போங்கள்.

இந்தத் தராசு அளவை வில் வாங்கிய அன்றே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிரேஸ் ஹைட்டையும் எழுதுங்கள். மேல் லிம்ப் ரைசரை விட்டுப் புறப்படும் இடத்திலிருந்து நாணுக்கு எவ்வளவு, கீழ் லிம்புக்கு எவ்வளவு என்ற இரண்டு அளவையும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு டில்லர் என்று பெயர். பழைய அளவு கையில் இருந்தால் பாதிச் சந்தேகம் பத்து நிமிஷத்தில் தீரும். டில்லர் திடீரென்று மாறியிருந்தால், நாணிலிருந்து முன்பைவிட அதிகம் விலகி நிற்கும் லிம்ப்தான் பலம் இழந்திருக்கிறது.

சத்தம்

நாணின் சத்தம், தளர்வுச் சத்தம், 'டிக்' சத்தம். மூன்றையும் காதால் பிரித்துவிடலாம்.

விட்டதும் 'டங்' என்று அதிர்ந்து கையில் உதைத்தால் முதலில் பிரேஸ் ஹைட்டைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், ஒவ்வொரு வில்லுக்கும் அமைதியாகிற ஓர் இடம் இருக்கிறது. அதற்குப் பிறகும் உதைத்தால் அம்பை நிறுத்துப் பாருங்கள். ஒரு பவுண்டுக்குக் குறைந்தது 8 கிரெயின், மர வில்லுக்கு 10 கிரெயின் என்று வைத்துக்கொள்வது நல்லது. 40 பவுண்டு மர வில்லுக்கு 400 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம், நம்ம ஊர்க் கணக்கில் மூன்றேகால் சவரன் எடை. அதைவிட லேசான அம்பை எய்தால் மிச்ச விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்புகிறது. தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரிந்துவிடும்.

கடகட என்று ஆடும் சத்தம் டேக்டவுன் வில்லில் லிம்ப் போல்ட் தளர்ந்தால் வரும். கையால் இறுக்குங்கள், பிளேயர் வேண்டாம்.

இழுக்கும்போது 'டிக்' என்றோ 'கிர்ர்' என்றோ கேட்டால் அங்கேயே நிறுத்தி, அம்பை விடாமல் மெதுவாக இறக்குங்கள். டேக்டவுனில் இது பெரும்பாலும் லிம்பும் ரைசரும் உரசும் சத்தம்தான், எங்கள் தோப்பில் மணல் புகுந்து அடிக்கடி வருகிறது. கழற்றி, பள்ளத்தைத் துடைத்து, இரண்டும் தொடும் பரப்பில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து மாட்டினால் போய்விடும். போகவில்லை என்றாலோ, உங்களுடையது ஒரே துண்டு வில் என்றாலோ, அந்தச் சத்தம் பசை விடுகிற சத்தம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு தடவை இழுத்துக் கேட்டுப் பார்ப்போம் என்று மட்டும் செய்யாதீர்கள்.

நாண் லிம்பின் நடுவில் ஓடவில்லை

நாணேற்றிய வில்லைத் தரையில் ஊன்றாமல் கிடையாகப் பிடித்து, நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நாண் இரண்டு லிம்பையும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கி ஓடினால் லிம்ப் முறுக்கிக்கொண்டது என்று முடிவுகட்டாமல், நாணின் காது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டேக்டவுன் என்றால் லிம்ப் அடியில் மண், பழைய பசைத் துண்டு ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் லிம்பையும் கீழ் லிம்பையும் கழற்றித் துடைத்து மாட்டியதிலேயே சரியான வில்கள் உண்டு. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால், லிம்ப் அடியில் ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய அட்டைத் துண்டு கொடுத்தும் சரிக்கட்டலாம்.

நிஜமாகவே முறுக்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் நாணேற்றும் முறை. வில்லுக்கு நடுவே காலை விட்டு, தொடையில் சாய்த்து வளைக்கிறோமே, அதுதான் லிம்பை ஒரு பக்கம் திருகி எடுக்கிறது. இரண்டு நுனியிலும் மாட்டி, கயிற்றை மிதித்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்கும் ஸ்ட்ரிங்கர் கயிறு இல்லாமல் வில்லில் கை வைக்காதீர்கள். நான் புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு அம்பு கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கயிற்றைத்தான் கொடுக்கிறேன். அப்புறம் சுவரில் ஒரு நுனியை ஊன்றிச் சாய்த்து வைப்பது. மாதக்கணக்கில் அப்படி நின்றாலும் லிம்ப் திரும்பும். இரண்டு ஆணி அடித்துக் கிடையாகப் படுக்க வையுங்கள்.

முறுக்கைத் திருப்பி எடுப்பதற்கு நான் செய்வது இது. வில்லை நாணேற்றி, மடியில் வைத்து, முறுக்கியிருக்கும் லிம்பை எதிர்ப் பக்கமாக, நடுவைக் கொஞ்சம் தாண்டும் அளவுக்கு, இரண்டு கையாலும் திருப்பிப் பிடித்து இரண்டு மூன்று நிமிஷம் வைத்திருப்பேன். விட்டுவிட்டு அப்படியே நாணேற்றிய நிலையில் நிழலில் சில மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பார்ப்பேன். ஒரு நாளில் நடக்கிற வேலை கிடையாது, ஒரு வாரம் காலையும் மாலையும் செய்தால் லேசான முறுக்கு போய்விடும். அடம்பிடித்தால், கை பொறுக்கிற சூட்டு வெந்நீரில் துணியை நனைத்து லிம்பில் சுற்றி இளஞ்சூடு ஏறியபின் திருப்பலாம். கை பொறுக்கிற சூடு என்பதை விட்டுவிடாதீர்கள். அடுப்பு, ஹீட் கன், இஸ்திரிப் பெட்டி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, லிம்பைச் சேர்த்துப் பிடித்திருப்பது பசை.

ஒரு வாரம் கழித்தும் அதே இடத்துக்குத் திரும்புகிறது, அல்லது நாண் பள்ளத்தை விட்டு நழுவுகிற அளவுக்கு முறுக்கியிருக்கிறது என்றால் அந்த லிம்பின் காலம் முடிந்தது. நாண் நழுவினால் வில் அதே நொடியில் வெளிப்பக்கம் புரளும். அதை இழுத்துச் சோதிக்க வேண்டாம்.

கோடுகள்

எனக்கு வருகிற போட்டோக்களில் மிக அதிகம் இதுதான். போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், இருந்தாலும் நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கோடு லிம்பின் நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா?

கண்ணாடி இழைகள் லிம்பின் நீளத்துக்குப் படுத்திருக்கின்றன. அதே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் மேல்பூச்சிலோ, இழைகளுக்கு நடுவிலோ இருப்பவை. வில்லில் ஃபைபர் கிளாஸ் பரவியது 1950-களில், அந்தக் காலத்துக்கும் அதற்கடுத்த பத்தாண்டுக்கும் உரிய பழைய வில்கள் பலவற்றில் இந்தக் கோடுகள் நிறைந்திருக்கும், இருந்தும் அவை எய்துகொண்டிருக்கின்றன. நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால், கோட்டின் இரண்டு முனையிலும் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு நாற்பது ஐம்பது அம்பு எய்துவிட்டுப் பாருங்கள். புள்ளியைத் தாண்டாத கோட்டை அப்படியே விடலாம், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

குறுக்குக் கோடு வேறு. அது இழைகளையே வெட்டுகிறது. எய்பவரைப் பார்க்கும் பக்கத்தில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடோ சுருக்கமோ இருந்தால் அந்த இடம் அழுத்தம் தாங்காமல் நசுங்கியிருக்கிறது. இலக்கைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் இழுபட்டு அறுந்திருக்கிறது. மேல்பூச்சு மட்டும் குறுக்கே வெடிக்கவும் வாய்ப்பு உண்டு, குறிப்பாகத் தடித்த வார்னிஷ் அடித்த வில்லில். பூச்சுதானா என்று தெரிந்துகொள்ள, மிக நைஸான உப்புத்தாளை நனைத்து அந்த ஒரு இடத்தில் பூச்சு மட்டும் தேயும்படி தேய்த்துப் பாருங்கள், கோடு பூச்சோடு போனால் நிம்மதி. கோடு நின்றால், வில்லை அன்றே ஓரம் வையுங்கள். தேய்க்கும்போது கண்ணாடிப் பட்டையைத் தொட்டுவிடாதீர்கள், அதைத் தேய்த்துவிட்டால் நீங்களே இழையை வெட்டியவர் ஆவீர்கள்.

ஓரத்தில் கல்லில் பட்ட சின்னச் சிராய்ப்பு இருந்தால், அதை நைஸ் உப்புத்தாளால் நீளவாக்கில் மழுக்கி, மெல்லிய சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்து அடைத்துவிடலாம். ஓரத்தில் நகத்தின் கனத்துக்கு ஆழமான வெட்டு என்றால் அங்கிருந்துதான் பின்னால் பிளக்கும், அதை ஒட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பட்டை பிரிகிறது

இதை என் சொந்த வில்லிலேயே பார்த்தேன். ஒரு மே மாதம், அக்னி நட்சத்திரம் நடக்கிற நாள், காலையில் எய்துவிட்டு அப்படியே அழகர்கோவில் போனோம். வில்லை நாணேற்றியபடியே காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மலைமேல் பழமுதிர்சோலை வரை போய் மத்தியானம்தான் இறங்கினோம். வெளியே 40 டிகிரி வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 60-ஐத் தாண்டிவிடும். மரத்தையும் கண்ணாடிப் பட்டையையும் பிடித்திருப்பது பெரும்பாலும் எபாக்சி பசை, அந்தச் சூட்டில் அது இளகத் தொடங்கும், நாண் வேறு லிம்பை இழுத்துப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கீழ் லிம்பில், ரைசரை விட்டு வளைவு தொடங்குகிற இடத்தில், பட்டைக்கு அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சை ஓரத்தில் ஓட்டினால் மாட்டியது. விசிட்டிங் கார்டின் மூலை உள்ளே போனது. எட்டு வருஷம் வைத்திருந்த வில். அன்றைக்கு ராத்திரி அரால்டைட் கலந்து ஊற்றி கிளாம்ப் போட்டுவிடலாமா என்று கையில் டியூபை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. உள்ளே எவ்வளவு தூரம் விட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது, பழைய பசை மேல் புதுப் பசை அந்த இடுக்கில் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது.

ஆகவே இடம்தான் முக்கியம். நுனியில், நாண் பள்ளத்துக்கு மேலே ஒட்டிய குட்டிக் கட்டை மட்டும் கிளம்பியிருந்தால் ஒட்டலாம். மெல்லிய சூப்பர் குளூவை விட்டால் அதுவே இடுக்குக்குள் ஓடும், நூலால் இறுக்கிச் சுற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். நுனிக்கும் ரைசருக்கும் நடுவில் எங்கே பிரிந்தாலும் லிம்பை மாற்றுங்கள். வளைவு தொடங்குகிற அந்த இடத்தில் பிரிந்தால் கேள்வியே இல்லை, லிம்பின் அத்தனை பாரமும் அங்கேதான் விழுகிறது.

டேக்டவுன் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நிம்மதி உண்டு. ரைசர் நன்றாக இருக்கும்வரை லிம்ப் ஜோடி மட்டும் வாங்கினால் போதும். ஒரு லிம்ப் போனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பழையதும் புதியதும் ஒரே மாதிரி வளையாது. லிம்ப் ஜோடியின் விலை முழு வில்லின் விலையில் முக்கால்வாசியைத் தொடுகிறது என்றால் நான் முழு வில்லாகவே வாங்கச் சொல்வேன், அதற்குக் கீழே என்றால் லிம்ப்.

நாண் ஒரே இடத்தில் அறுகிறது

நாணின் காது அருகே இழைகள் மறுபடி மறுபடி நைந்தால் நாணைத் திட்டாதீர்கள், நுனிப் பள்ளத்தின் விளிம்பு கூராகியிருக்கும். சின்ன உருண்டை அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு, பிறகு நைஸ் உப்புத்தாளைக் கயிறு போலச் சுருட்டி மழுக்கல், மேலே கொஞ்சம் வார்னிஷ். ஆழப்படுத்த வேண்டாம், விளிம்பு மழுங்கினால் போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுங்கள், இல்லாவிட்டால் நாண் சாய்ந்து மேலே சொன்ன முறுக்கு வந்துசேரும்.

நுனியில் பள்ளத்துக்குக் கீழே லிம்புக்குள் ஒரு வெடிப்பு இறங்கியிருந்தால், போட்டிருக்கும் நாண் என்ன வகை என்று பாருங்கள். ஃபாஸ்ட் ஃபிளைட் மாதிரி நீளாத நாண் புது வில்லின் பலப்படுத்திய நுனிக்கு ஏற்றது. டேக்ரானுக்காகச் செய்த பழைய வில்லில் அதை மாட்டினால் ஒவ்வொரு அம்பும் நுனியில் சுத்தியலடி மாதிரி விழும். வில் எந்த நாணுக்கு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் டேக்ரானே போடுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், வில் நிற்கும். தேன்மெழுகு தேய்த்து, இழை ஒன்று அறுந்தாலும் மாற்றிவிடுங்கள், நாண் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம்.

ரைசரில் விரிசல்

ரைசர் பல மரத் துண்டுகளை ஒட்டிச் செய்தது என்றால் அந்த ஒட்டு வரியில் மயிரிழை திறப்பது நம் ஊர் மழை வெயிலில் சகஜம். ஐப்பசி மழையில் ஊறி, பங்குனியில் காய்ந்து, மரம் ஆடிக்கொண்டே இருக்கிறது. இதை மேலூர்ப் பக்கம் ஓர் ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் ஆணியோ திருகோ போடாமல், எபாக்சியை இளஞ்சூடாக்கித் தண்ணீர் மாதிரி ஓடவிட்டு, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி மூன்று நாள் நிழலில் வைத்தார். நாலு வருஷமாக அந்த வில் எய்கிறது. சைக்கிள் டியூப் அழுத்தம் வளைந்த கைப்பிடிக்கு இரும்புக் கிளாம்பைவிட நன்றாகப் பொருந்துகிறது என்பதை அவரிடம்தான் கற்றேன்.

மர ரைசரில் போல்ட் இறங்கும் பித்தளைப் புஷ் ஆடினாலும் அதே எபாக்சிதான், புஷ்ஷைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மெழுகு தடவிய போல்டை நேராக மாட்டிவைத்து ஒட்ட வேண்டும். அம்பு உட்காரும் இடத்துக்கு மேலே ரைசர் பாதியாக வெட்டியிருக்கிறதே, மொத்த ரைசரில் மெல்லிய இடம் அது. அங்கே மரத்தின் ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு விரிசல் ஓடினால் அந்த ரைசரை ஒட்டாதீர்கள், பெரியதாக இருந்தாலும் சின்னதாக இருந்தாலும்.

அம்பு இல்லாமல் நாணை விட்டுவிட்டார்கள்

வீட்டுக்கு வரும் சொந்தக்காரப் பையன் ஒரு இழுப்பு இழுத்து விட்டுவிடுவான், நாம் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய விசை முழுவதும் லிம்புக்குள்ளேயே அடித்திருக்கிறது. உடனே நாணை இறக்கி, முன்னே சொன்ன பஞ்சுச் சோதனை, நுனிப் பள்ளம், வளைவு தொடங்கும் இடம் மூன்றையும் பாருங்கள். நாணையும் மாற்றிவிடுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் நாணேற்றி ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள், பிறகு டில்லர் பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பாதி இழுப்பாகப் பத்துத் தடவை, அம்பை வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத பக்கம் பார்த்து. மறுபடி பஞ்சு. அப்புறம்தான் முழு இழுப்பு. பல வில்கள் ஒரு தடவையைத் தாங்கிவிடுகின்றன. தாங்கியதா என்பது பஞ்சிலும் டில்லரிலும்தான் தெரியும், மேலோட்டமாகப் பார்த்துத் தெரியாது.

மூங்கில் வில்

தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்று தனிப் பிரிவே இருப்பதால் மூங்கில் வில்லை வைத்துப் பழகுகிற பிள்ளைகள் நம் பக்கமும் இருக்கிறார்கள். ராஞ்சியின் தீபிகா குமாரி மூங்கில் வில்லில் தொடங்கியவர்தான். அதனால் அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்காமல் இதே கவனத்தோடு பாருங்கள்.

மூங்கிலில் முதலில் தேட வேண்டியது ஊசி முனை அளவு துளைகளும் அடியில் உதிர்ந்த மாவும். உளுத்த மூங்கில் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே தூளாக இருக்கும். மாவு தட்டத் தட்ட வந்தால் மருந்து தடவி மீட்க நினைக்க வேண்டாம், விடுங்கள். இரண்டாவது, நாணை இறக்கியும் வில் நிமிராமல் வளைந்தே நிற்பது. கொஞ்சம் வளைவு எல்லா மூங்கில் வில்லுக்கும் உண்டு, அதனால் விசை குறையும், ஆபத்து இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மடிந்த மாதிரி நின்றால் அங்கே நொறுங்கியிருக்கிறது. எய்பவர் பக்கத்தில் அந்த இடத்தைப் பாருங்கள், குறுக்கே நசுங்கிய வரிகள் தெரியும். அதற்கு வைத்தியம் கிடையாது. இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், பட்டையின் மேல் ஒரு சின்னச் சிலாம்பு எழும்பினால் மட்டும், அதைப் பிய்க்காமல் சூப்பர் குளூ விட்டு அமுக்கி, பட்டன் நூலை நெருக்கமாக ஓர் அங்குலம் சுற்றி மேலே வார்னிஷ் தடவலாம். சுற்றுக்கு வெளியே சிலாம்பு நீண்டால் கணக்கு முடிந்தது.

கழித்த வில்லை என்ன செய்வது

இதைப் பலர் செய்வதில்லை, அதனால்தான் தனியாக எழுதுகிறேன். கழித்த வில்லை நாணோடு பரணில் போட்டுவிட்டால், இரண்டு வருஷம் கழித்து யாரோ ஒரு பிள்ளை அதை எடுத்து இழுக்கும். நாணைக் கழற்றித் தனியாக எடுத்து வையுங்கள். டேக்டவுன் என்றால் ரைசர், போல்ட், அம்பு உட்காரும் தோல் ரெஸ்ட் எல்லாம் அடுத்த லிம்புக்கு உதவும். போன லிம்பின் நுனியை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள், கண்ணாடித் தூசி பறக்கும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஈரத்துணி போட்டு அறுக்க வேண்டும். பிரியத்துக்காகச் சுவரில் மாட்டுவதாக இருந்தாலும் நுனியை அறுத்துவிட்டே மாட்டுங்கள். என்னுடைய அந்த எட்டு வருஷத்து வில் எங்கள் வீட்டு ஹாலில்தான் தொங்குகிறது, இரண்டு நுனியும் இல்லாமல்.